கர்டேவாடியின் கண்ணில்லா வண்டுகள்

ஹடப்சர், புனே
9 ஆகஸ்டு 1998

தங்கை கனகவல்லிக்கு,

நலம் கேட்டுத் தொடங்கும் உரிமை எனக்கு மிஞ்சியிருக்கிறதா என்று தெரியவில்லை. என் கட்டுரை அச்சேறிய நாள்முதல் நீ எனக்கு எழுதவில்லை. ஆகவே செய்தியிலிருந்தே தொடங்குகிறேன்.

கர்டேவாடிக் குன்று வழக்கில் நீதிமன்றம் உன் அருங்காட்சியகத்திடம் கருத்துக் கேட்டிருக்கிறது. தரைவண்டுகளை இனம் பிரித்துச் சொல்ல இந்நாட்டில் உன்னை விட்டால் ஆளில்லை என்று ஆணையிலேயே எழுதியிருக்கிறார்கள். நீ என் உடன்பிறந்தவள் என்பதை என் வழக்கறிஞர் அப்துல் காதர் மறைக்கவில்லை. கல்லுடைக்கும் நிறுவனத்தாரும் மறுப்புச் சொல்லவில்லை. வெளியே வந்ததும் காதர் சிரித்தார். “சார், கேஸ் தங்கச்சி கைக்குப் போயிடுச்சு. இனிமே நீங்க மேடையில பேசற மாதிரி கோர்ட்ல பேச வேண்டாம். அந்த ஜட்ஜ் கை தட்டற ஆளு இல்ல.”

குன்றை நீ பார்த்ததில்லை. சாகணுக்கு வடக்கே கிடக்கும் ஒரு மொட்டைக் கரடு அது. பண்டு எரிமலைக் குழம்பு வடிந்தோடியபோது தன் பின்னே ஒரு குகையைக் குடைந்து விட்டுப் போயிற்று. அதன் அடிவயிற்றில் பகல் இல்லை. ஈரமும் வௌவால் எச்சமும் மட்டுமே உண்டு. அங்கு வாழும் தரைவண்டுக்குக் கண்ணில்லை, நிறமில்லை, பறக்கச் சிறகில்லை. மழைக்காலந்தோறும் மார்பால் தவழ்ந்து நான் திரட்டியவை ஒன்பது. ஆண் இரண்டு, பெண் ஏழு. இனத்தின் பெயரைச் சுமக்கும் மூலமாதிரியாக அவற்றுள் மிக வெளிறிய ஆணையே தேர்ந்தேன். ஒளியைத் துறந்த கூட்டத்தில் ஒளியை முற்றும் துறந்தது அதுதான். பெயராக ஊரின் பெயரையே இட்டேன். இனி ஊரை உடைப்பவன் ஓர் உயிரின் பெயரையும் சேர்த்து உடைக்கட்டும்.

சாகணில் எழும் ஆலைகளுக்குச் சாலை வேண்டும். சாலைக்குக் கல் வேண்டும். கல்லுக்கு இந்தக் குன்று வேண்டும். பீமையாற்றுக்கு அப்பால் சோன்தரிக் குகையில் நூறாண்டுக்கு முன்பே பெயர்பெற்ற வண்டும் இதுவும் ஒன்றுதான் என்பது அவர்கள் வாதம். ஒன்று என்றால் வெடி வைப்பார்கள். இது வேறு, இக்குகையன்றி இதற்கு உலகில் இடமில்லை என்றால் குன்று பிழைக்கும். உன் கருத்து வரும்வரை இடைக்காலத் தடை இருக்கிறது.

ஒன்பது வண்டுகளும் அடங்கிய பெட்டி உன்னிடம் வரும். நன்றாகப் பார். உன் கண் என் கண்ணினும் கூரியது என்று அம்மா சொல்லி வளர்த்தவள் நீ.

அண்ணன்,
சந்திரமௌலி


சென்னை
2 செப்டம்பர் 1998

அண்ணாவுக்கு,

வழக்கு நடக்கையில் நான் உங்களுக்கு எழுதுவது முறையன்று. ஒரு கேள்விக்கு உங்களிடம் மட்டுமே விடை இருப்பதால் எழுதுகிறேன். கேள்வியையும் விடையையும் நீதிமன்றத்துக்கு அறிவித்துவிடுவேன்.

மூலமாதிரியின் ஆணுறுப்பைப் பொட்டாஷ் கரைசலில் எவ்வளவு நேரம் வைத்தீர்கள்?

காரணம் சொல்கிறேன். இருட்டில் வாழும் வண்டுகள் எல்லாம் ஒரே சாயலுக்கு வந்துவிடுகின்றன. கண் போகிறது, கால் நீள்கிறது, நிறம் வடிகிறது. புறத்தோற்றத்தை நம்பி இரண்டு குகைகளின் வண்டுகளைப் பிரிக்கவும் முடியாது, சேர்க்கவும் முடியாது. வயிற்றைத் திறந்து, ஆணுறுப்பை எடுத்து, தசையைக் கரைத்து, அதன் வளைவை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். உங்கள் கட்டுரை முழுவதும் அந்த ஒரு வளைவின்மேல் நிற்கிறது. நுனி இடப்புறம் கொக்கிபோல் மடங்கியிருக்கிறது என்று வரைந்திருக்கிறீர்கள். உண்மைதான், மடங்கியிருக்கிறது.

ஆனால் அந்த உடல் இறுகவில்லை. முதுகை மூடும் ஓட்டை ஊசிநுனியால் தொட்டேன். நனைந்த தாள்போல் குழிந்தது. கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்த சூட்டோடு உங்கள் கையில் அகப்பட்ட வண்டு அது. அதன் வெளிறல் குகை தந்ததாக எனக்குத் தோன்றவில்லை. பிஞ்சாக இருந்ததால் வெளிறியிருந்தது என்றே நினைக்கிறேன். பிஞ்சு உறுப்பு கரைசலில் ஊறினால் மடங்கும், சுருளும், எந்த வடிவத்தையும் காட்டும்.

அச்சுக்கு அனுப்புமுன் என்னிடம் ஒருமுறை காட்டியிருக்கலாம். காட்டினால் நான் குறை சொல்லுவேன் என்று ரஞ்சனி மன்னியிடம் சொன்னீர்களாம். சொல்லியிருப்பேன். அது அறைக்குள் சொன்ன குறையாகப் போயிருக்கும். இப்போது நீதிமன்றத்தில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டாவது ஆண் நன்கு இறுகியது. அதை யாரும் திறக்கவில்லை. நான் திறக்கப்போகிறேன்.

கனகவல்லி


ஹடப்சர்
14 செப்டம்பர் 1998

வல்லி,

உன் கேள்விக்கு விடை: மாலையில் இட்டேன், மறுநாள் காலையில் எடுத்தேன். அன்று தமிழ்ச் சங்கத்தில் என் சொற்பொழிவு. ஒரு மணிநேரம் என்றார்கள். அவை எழவில்லை, நானும் நிறுத்தவில்லை. வீடு திரும்பியபோது அந்தக் கிண்ணம் என் நினைவிலேயே இல்லை. இதையும் நீதிமன்றத்துக்கு எழுது. ஒளிக்க எனக்கு ஒன்றுமில்லை.

இனி நான் கேட்பதைக் கேள். வாழ்நாளில் எவரிடமும் எதையும் இறைஞ்சாதவன் கேட்கிறேன். இரண்டாவது ஆணைத் திறக்காதே. உள்ள சான்றைக்கொண்டு முடிவு செய்ய இயலவில்லை என்று எழுது. அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஒரே ஓர் ஆண், அதுவும் பிஞ்சு. எப்படி முடிவு செய்வாய்? அந்த ஒரு வரி போதும். தடை நீடிக்கும். அடுத்த மழை வரும், நான் மீண்டும் குகைக்குள் இறங்குவேன், இறுகிய ஆண்களைக் கொண்டுவருவேன். அதன்பின் நீ என்னைத் தூக்கிலிடு.

ரஞ்சனி நான் எழுதுவதை எட்டிப் பார்த்துவிட்டு, “கூடப் பொறந்தவளுக்கு லெட்டர் எழுதறேளா, மனு போடறேளா?” என்கிறாள். சொத்துக்கு அடித்துக்கொண்ட அண்ணன் தங்கையை இந்தச் சொசைட்டியில் நான்கு வீட்டில் பார்த்திருக்கிறாளாம். கரப்பான்பூச்சிக்கு அடித்துக்கொள்வது நம் வீட்டில் மட்டும்தானாம். கரப்பான் இல்லை, தரைவண்டு என்றேன். “ரெண்டும் செருப்புக்குத்தான்” என்று சொல்லிவிட்டுப் பால் வாங்கப் போனாள்.

அவளுக்கு இது பூச்சி. நிறுவனத்தாருக்கு இது கல். உனக்கு இது ஒரு வளைவு. எனக்கு மட்டுமே இது குன்று. உண்மையை எழுதாதே என்று நான் சொல்லவில்லை. பிந்தி எழுது என்கிறேன். உண்மைக்கு அவசரமில்லை, வல்லி. வெடிமருந்துக்குத்தான் அவசரம்.

சந்திரமௌலி


சென்னை
5 அக்டோபர் 1998

அண்ணாவுக்கு,

திறந்துவிட்டேன்.

உங்கள் கடிதம் வந்த அன்று திறக்கவில்லை. பெட்டியை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். மறுநாளும் அப்படியே. முடிவு செய்ய இயலவில்லை என்று எழுதிப் பார்த்தேன். கையெழுத்திடும் இடம்வரை வந்தேன். இறுகிய ஓர் ஆண் என் மேசைமேல் இருக்கையில் அந்த வரி பொய். அது இல்லாதிருந்தால் மெய்யாக இருந்திருக்கும். நான் பார்க்க மறுத்ததை, பார்க்க முடியவில்லை என்று எழுத எனக்கு வரவில்லை.

நுனி நேராக இருக்கிறது. கொக்கி இல்லை. சோன்தரி ஆண்கள் மூன்றோடு வைத்துப் பார்த்தேன். உள்ளே இருக்கும் முள் ஒன்று சற்றே தடித்திருக்கிறது. ஒரே ஆணைக் கொண்டு அதை இன வேறுபாடு என்று சொல்ல முடியாது. ஆளுக்கு ஆள் மூக்கு வேறுபடுவதுபோல் வேறுபடலாம். இரண்டும் ஒரே இனம் என்று கருத்து எழுதி அனுப்பிவிட்டேன்.

பெண் வண்டுகள் ஏழையும் திறக்கவில்லை. வழக்கப்படி அவற்றைத் தனியே வைத்திருக்கிறேன். ஆணைக் கொண்டே இனம் சொல்வது நம் துறையின் முறை என்பதை நீங்கள் அறிவீர்கள். பெட்டி உங்களிடமே திரும்பிவரும்.

வேறு எழுதத் தோன்றவில்லை. மன்னியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

கனகவல்லி


ஹடப்சர்
21 பிப்ரவரி 1999

அருங்காட்சியக அலுவலர் அவர்களுக்கு,

தங்கள் கருத்தை ஏற்று நீதிமன்றம் தடையை நீக்கியது. தங்கள் அறிக்கை மிகச் செம்மையானது என்று நீதிபதி பாராட்டினார். சொந்த அண்ணனையே எதிர்த்து உண்மை உரைத்தவர் என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞரும் தங்களைப் புகழ்ந்தார். அவர்கள் ஏன் தங்களை மறுக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. தங்களைப் பற்றி என்னைவிட நன்றாக விசாரித்து வைத்திருந்தார்கள்.

வெடி வைத்த அன்று போனேன். காதர் தடுத்தார். “அங்க போயி என்ன பண்ணப் போறீங்க சார்? மைக் கூடக் கிடையாது.” அவர் தமாஷ் செய்வது துயரம் மிகும்போதுதான். பிறகு அவரும் என்னோடு வண்டியில் ஏறிக்கொண்டார். சிவப்புக் கொடிக்கு அப்பால் எங்களை விடவில்லை. காவலுக்கு நின்றவன் என்னைக் கண்டதும் மராட்டியில் மற்றவனிடம் சொன்னான்: “இவர்தான் வண்டு வாத்தியார். தங்கச்சியே காலை வாரிவிட்டாளாம்.” எனக்கு மராட்டி தெரியாது என்று நினைத்துக்கொண்டான். இருபது ஆண்டாக அந்த மொழியில்தான் காய்கறி வாங்குகிறேன்.

ஓசை பெரிதாக இல்லை. தரைக்குள் ஏதோ திரும்பிப் படுத்ததுபோல் இருந்தது. பிறகு புழுதி. புழுதி அடங்கியபோது குகையின் கூரை திறந்திருந்தது. அதுகாறும் வெயில் படாத தரைமேல் வெயில் கிடந்தது. அங்கே ஏதேனும் நகர்ந்ததா என்று அவ்வளவு தொலைவிலிருந்து பார்க்க எனக்குக் கண்ணில்லை. தங்களுக்கு இருந்திருக்கும்.

இனி எனக்கு எழுத வேண்டாம். எழுதினால் பிரிக்காமல் திருப்புவேன்.

சந்திரமௌலி


ஹடப்சர்
3 டிசம்பர் 2001

கனகவல்லிக்கு,

நீ அனுப்பிய மூன்று கடிதங்களைச் சொன்னபடி திருப்பினேன். இது உறவு கோரும் கடிதமன்று. ஓர் ஆய்வாளர் இன்னோர் ஆய்வாளருக்கு அனுப்பும் படங்கள் இதனோடு இருக்கின்றன. முதலில் படங்களைப் பார். பிறகு இதைப் படி.

நீ திறக்காத ஏழு பெண்களையும் நான் திறந்தேன். வேறு வேலை எனக்கு இல்லை. கல்லூரியில் விருப்ப ஓய்வு கொடுத்துவிட்டேன். மேடைக்கும் அழைப்பதில்லை, அழைத்தாலும் போவதில்லை. சோன்தரிக்கு நானே போய் நான்கு பெண் வண்டுகளைக் கொண்டுவந்தேன். இம்முறை கிண்ணத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஆணிடம் பெற்ற விந்தைப் பெண் தன் உடலுக்குள் ஒரு சிறு பையில் சேமிக்கிறது. சோன்தரிப் பெண்கள் நான்கிலும் அந்தப் பை நேராக, ஒரு விரல்போல் நீண்டிருக்கிறது. கர்டேவாடிப் பெண்கள் ஏழிலும் அது இரண்டு சுற்றுச் சுருண்டிருக்கிறது. ஏழிலும். பிஞ்சு ஒன்றுமில்லை, மடங்கல் ஒன்றுமில்லை, இடைப்பட்டது ஒன்றுமில்லை. அந்தச் சுருளில் நுழைய வேண்டியதால்தான் ஆணின் முள் தடித்திருக்கிறது. நீ மூக்கு என்றாயே, அந்த முள்.

அது தனி இனம். நான் சொன்ன காரணம் தவறு. சொன்ன முடிவு சரி.

ஏழு சாட்சிகள் உன் மேசைமேல் இருந்தார்கள். ஏழு பேரும் ஒரே வாக்குமூலத்தை வயிற்றில் வைத்திருந்தார்கள். நீ ஒருத்தியையும் கேட்கவில்லை; ஓர் ஆணைக் கேட்டாய், அவன் தயங்கினான், தீர்ப்பெழுதினாய். பெண்களைக் கேட்பதில்லை என்பது துறையின் முறையாம். எந்தத் துறையின் முறை? யார் வகுத்தது? பொட்டைப்பிள்ளைக்கு நுண்ணோக்கி எதற்கு என்று பெரியப்பா கேட்டபோது அந்த முறையை உடைத்துக்கொண்டு போனவள் நீ. போய் அமர்ந்த நாற்காலியில் அதே முறையைக் கைக்கொண்டாயா?

உன்னைப் பொய் சொன்னவள் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். பொய் சொல்லியிருந்தால் குன்று இருந்திருக்கும்.

சந்திரமௌலி


சென்னை
17 ஜூன் 2002

அண்ணாவுக்கு,

விடை எழுத இவ்வளவு காலம் ஆனதற்குக் காரணம், நானே பார்க்காததைப் பற்றி எழுதுவதில்லை என்ற என் பழைய கெட்ட பழக்கம். சோன்தரிக்குப் போனேன். நானும் பெண்களைத் திறந்தேன். அங்கு எல்லாம் நேர்ப்பை. உங்கள் படங்களில் திருத்த ஒரு கோடும் இல்லை.

மார்ச்சு மாதம் புனே வழியாகத்தான் போனேன். ஹடப்சருக்கும் வந்தேன். நீங்கள் வெளியே போயிருப்பதாக மன்னி சொன்னாள். உங்கள் செருப்பு வாசலில் இருந்தது. அவளும் அதைப் பார்த்தாள், நானும் பார்த்தேன். “உள்ள வாடி. காபி குடிச்சுட்டுப் போ. ரிக்ஷாவாலா ஸ்டேஷன்லேர்ந்து எத்தனை வாங்கினான்?” என்று பேச்சை மாற்றினாள். காபி குடித்தேன். உள்ளறையில் நாற்காலி ஒருமுறை நகர்ந்தது. “பூனை” என்றாள் மன்னி. உங்களுக்குப் பூனை ஆகாது என்பது எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். மன்னியை இனி அப்படிப் பொய் சொல்ல வைக்காதீர்கள். அவளுக்கு வரவில்லை.

நான் தவறினேன். கேட்டிருக்க வேண்டியவர்களைக் கேட்கவில்லை. இதற்குமேல் என்னிடமிருந்து அழுகை எதிர்பார்க்காதீர்கள். எதிர்பார்த்தால் நீங்களும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒன்பதில் எட்டு இறுகிய உடல்களை விட்டுவிட்டு, மேடையில் சொல்ல அழகாக இருக்கும் என்று வெளிறிய ஒன்றைப் பெயருக்கு உரியதாக்கியது யார்? இறுகிய ஆணை மூலமாதிரி ஆக்கியிருந்தால் எதிர்த்தரப்புக்குப் பிடியே கிடைத்திருக்காது. நீங்கள் வளைவைப் பிடிவாதமாக நம்பியதால் நான் வளைவை மட்டும் சோதித்தேன். இருவரும் சேர்ந்துதான் அந்தக் கூரையைத் திறந்தோம். திரி வைத்தவனுக்குக் கூலி கிடைத்தது. நமக்கு அதுவும் இல்லை.

இரண்டும் வெவ்வேறு இனம் என்று கட்டுரை எழுதி அனுப்பிவிட்டேன். என் முந்தைய கருத்து பிழை என்று முதல் பத்தியிலேயே இருக்கிறது. பெயர்விதிப்படி நீங்கள் இட்ட பெயர் நிலைக்கும். அதைச் சுமக்கப்போவது அந்த மடங்கிய பிஞ்சுதான். உங்கள் பெயரை முதலில் போட்டிருக்கிறேன். வேண்டாமென்றால் எழுதுங்கள்.

இன்னொன்று. சோன்தரிக் குன்றிலும் அளவுக்கல் நட்டிருக்கிறார்கள். வழக்கு வரும். இப்போது அந்த வண்டும் ஒரே குகையில் வாழும் இனம். நீதிமன்றம் என்னைத்தான் கேட்கும். இம்முறை நான் தெளிவாக எழுத முடியும், அண்ணா. ஒரு குகையையாவது மிச்சம் வைக்க முடியும்.

கனகவல்லி


ஹடப்சர்
28 செப்டம்பர் 2003

வல்லி,

கட்டுரையிலிருந்து என் பெயரை நீக்கச் சொல்லி இதழுக்கு எழுதியதை அறிந்திருப்பாய். அச்சாகி வந்ததைப் படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறாய்.

சோன்தரி வழக்கு நேற்று விசாரணைக்கு வந்தது. நீ சொன்னபடியே நீதிமன்றம் உன் பெயரைச் சொல்லிற்று. நான் எழுந்து மறுத்தேன்.

காதர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். வெளியே வந்ததும் வாய்க்கு வந்தபடி திட்டினார். “இப்பத்தான் சார் அவங்க நம்ம பக்கம் பேசப் போறாங்க. அன்னைக்கு வாங்க வாங்கன்னு கூப்பிட்டு, இன்னைக்கு வராதீங்கன்னா என்ன சார் அர்த்தம்?” போனமுறை தவறாகச் சொன்னீர்களே, இப்போது மட்டும் எப்படி நம்புவது என்று எதிர்த்தரப்பு உன்னைக் கூண்டிலேற்றிக் கேட்கும் அல்லவா என்றேன். “கேப்பான். முதல் கேள்வியே அதுதான்” என்றார். “அவங்க நேர்மையான ஆளு வேற. ஆமா, தப்புத்தான்னு சொல்லிடுவாங்க.”

நீ அப்படித்தான் சொல்லுவாய். அதன்பின் நீ சொல்லும் எதுவும் நிற்காது.

மறுப்புக்குக் காரணம் கேட்டார்கள். உன் கட்டுரையின் முதல் பத்தியைப் படித்துக் காட்டினால் போதும், பையில் வைத்திருந்தேன். எடுக்கவில்லை. அவள் என் உடன்பிறந்தவள் என்று மட்டும் சொன்னேன். போனமுறையும் உடன்பிறந்தவள்தானே, அப்போது ஏன் மறுக்கவில்லை என்றார் நீதிபதி. ஆயிரம் பேர் முன்னால் சொல் தேடி நின்றதில்லை நான். நேற்று நின்றேன். அவர் மீண்டும் கேட்கவில்லை.

பிறகு அவர், இந்த அம்மையார் இல்லையென்றால் இந்நாட்டில் வேறு யார் இதைச் சொல்லத் தகுந்தவர் என்று இரு தரப்பையும் கேட்டார். எங்களுக்கும் தெரியவில்லை, அவர்களுக்கும் தெரியவில்லை. உன் அருங்காட்சியகத்துக்கு முன்பே கேட்டு எழுதியிருந்தார்கள் போலும். வேறு எவருமில்லை என்ற விடையும் வழக்குத் தாள்களோடு இருந்தது. தகுந்தவர் ஒருவர் கிடைக்கும்வரை வெடி வைக்கக் கூடாது என்று ஆணையிட்டு அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்.

எனவே இப்போது நிலைமை இது. நீ வாய் திறந்தால், தகுந்தவர் கிடைத்துவிட்டார் என்று அந்தத் தடை முடியும். சரியாகச் சொன்னாலும் முடியும், தவறாகச் சொன்னாலும் முடியும். நீ பேசாதிருக்கும்வரை, உனக்கு அடுத்து ஒருவர் வராதிருக்கும்வரை, சோன்தரியின் கூரை இருக்கும்.

உன்னிடம் படிக்க இரண்டு பேர் விண்ணப்பித்திருப்பதாக மன்னியிடம் சொன்னாயாம். சேர்த்துக்கொள்ளாதே. பட்டாம்பூச்சிக்கோ தேனீக்கோ அனுப்பிவிடு. உனக்குத் தெரிந்தது உன்னோடு போகட்டும். ஓர் அறிவாளியிடம் இதைக் கேட்பது எவ்வளவு இழிவு என்பதை அறிந்தே கேட்கிறேன். முன்பு பிந்தி எழுது என்று கேட்டேன், நீ மறுத்தாய். இப்போது எழுதவே எழுதாதே என்கிறேன்.

விடை வேண்டாம். விடை வராவிட்டால் ஒப்புக்கொண்டாய் என்று எடுத்துக்கொள்கிறேன்.

அண்ணன்,
சந்திரமௌலி